முட்டை உரிக்கிற நேரம்

தண்ணியில் போட்டுப் பார்த்தாளா இல்லையா என்பதுதான் இப்போது செல்லக்கனிக்குத் தெரியவில்லை. நீல பேசினில் தண்ணி பிடித்தது ஞாபகம் இருக்கிறது. முட்டைகளை ஏழெட்டாக உள்ளே இறக்கியதும், அவை கூழாங்கல் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டதும் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. ஆனால் அது இன்றைக்குப் பார்த்ததா, நேற்றுப் பார்த்ததா? நேற்று என்றால் மாடத்தி பக்கத்தில் நின்றிருப்பாள். அந்தக் காட்சிக்குள் மாடத்தியின் கை எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினாள், பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. நல்ல முட்டை அடியில் கிடக்கும், கெட்டது மிதக்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் காலையில் வந்து ஜெபம் பண்ணிவிட்டு அவள் செய்கிற முதல் வேலையே அதுதான். செய்யாமல் இருந்திருக்க மாட்டாள். செய்திருப்பாள். செய்திருப்பாள் என்பது வேறு, செய்தாள் என்பது வேறு அல்லவா? எண்பத்தாறு முட்டையும் வெந்து, பச்சைத் தண்ணியில் ஆறி, அலுமினியச் சட்டியில் அவள் முன்னால் கிடக்கின்றன. வெந்த முட்டையைத் தண்ணியில் போட்டு இனி என்னத்தைக் கண்டுபிடிக்க? முதல் முட்டையை எடுத்துத் தரையில் மெல்லத் தட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. பேசினில் தண்ணி பிடித்தோமா என்று மனசு திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

வெளியே ஆடிக்காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. தென்காசி மலையிலிருந்து இறங்குகிற காற்று. இந்த மாசம் முழுக்க இப்படித்தான், ஜன்னலைத் திறந்தால் அடுப்புத் தீ படுத்துவிடும், சோற்றில் மண் விழும். அதனால் இரண்டு ஜன்னலையும் கொண்டி போட்டுச் சாத்தி, கதவையும் சாத்தி, அது திறந்துகொள்ளாமல் மணல் வாளியை நகர்த்தி வைத்திருந்தாள். அந்த வாளியை நகர்த்தியதற்கே நெஞ்சு படபடவென்று அடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. இன்றைக்குச் சாம்பார் சாதம். அரிசியும் பருப்பும் காயும் ஒரே அண்டாவில் போட்டு வேகவைக்கிறது, வடிக்கிற வேலை இல்லை. ஒற்றை ஆளாக இருக்கிற நாளில் அதுவாவது வாய்த்ததே என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள். கடைசிக் கொதியில் சாதம் பொங்கி வழிந்து, புஸ்ஸென்று அடுப்பை அணைத்துவிட்டது. வெந்த சோறுதானே, அணைந்தால் நல்லதாகப் போயிற்று, ஒரு தடவை குனிகிறது மிச்சம் என்று மூடியைத் தள்ளிவிட்டு, முட்டைச் சட்டியை இழுத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள். முட்டை வெந்த அடுப்பை அதற்கு முன்னாலேயே அணைத்தாயிற்று. இப்போது கூடத்தில் தீ என்று எதுவும் இல்லை, காற்றின் ஊளையும் வகுப்பிலிருந்து வருகிற வாய்ப்பாட்டுச் சத்தமும்தான். அதற்கு மேலே அவளுடைய காதுக்குள் இருக்கிற இரைச்சல். ஸ்ஸென்று, நிற்காமல். கொரோனா போன நாளிலிருந்து இருக்கிறது, ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இன்றைக்குக் கூடுதல். தலையும் ஒரு மாதிரி கனத்துக் கிடந்தது.

மாடத்தி இருந்தால் இந்தப் பயமே இல்லை. உதவியாளாக வந்த இந்த ஆறு வருஷத்தில், தான் எப்பேர்ப்பட்ட வேலை பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. வெங்காயம் வதங்கினால், "ஏ மாடத்தி, சரியா இருக்கா பாரு." பருப்பு கொதித்தால், "பெருங்காயம் பத்துமாட்டி?" முட்டை உரித்தால், "இந்தா, இது ஒண்ணு மோந்து பாரு, எனக்கு ஜலதோசம்." நாலு மாசமாக ஜலதோசம். மாடத்திக்கு ஒரே பெருமை. "யக்கா, எங்க வீட்டுல ஒரு நா ஒரு பொழுது என்னையக் கேட்டு உப்புப் போட்டதில்ல. இங்க என்னடான்னா கனியக்கா கேட்டுக் கேட்டுச் சமைக்கிய. இத எங்க மாமியா கேட்டா மயக்கம் போட்டு விழுந்திருவா." அவளுடைய மூக்கை வாங்கித்தான் நாலு மாசமாக இந்த அடுப்பு எரிகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? சனிக்கிழமை வந்து நின்று, "தங்கச்சி மகளுக்குச் சடங்கு வச்சிருக்காவ. புதங்கெழம ஒரு நா சமாளிச்சுக்கிடுவியளா?" என்று கேட்டாள். "நீ இல்லாட்டா நான் சமைக்க மாட்டனா? போயிட்டு வா" என்று சிரித்த முகமாகத்தான் சொன்னாள் செல்லக்கனி. "சமைப்பிய. உப்பு கேக்கதுக்கு ஆள் இருக்காதே, அதச் சொன்னேன்." விளையாட்டாகச் சொன்னதுதான். அன்று ராத்திரி முழுக்க அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாலாவது முட்டை. ஐந்தாவது. வெள்ளையாக, வழவழவென்று, குற்றம் சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது. மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனாள். நாறியது. செத்த எலியும் சாக்கடையும் சேர்ந்த அந்த நாற்றம். சரி. இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? முட்டையும் அப்படித்தான் நாறுகிறது, வெங்காயமும் அப்படித்தான், காப்பியும் அப்படித்தான், குளித்துவிட்டு வந்து தோளைத் துவட்டுகிற வீட்டுக்காரரும் அப்படித்தான்.

அவுகளுக்குத்தான் கொரோனா முதலில் வந்தது. போன வருஷம் வைகாசியில். அறுபத்து மூன்று வயது, சுகர், பழைய வீசிங். யார் யாருக்கு ஆபத்து என்று டிவியில் வரிசையாகச் சொல்லும்போது அவுகளைப் பார்த்து வைத்துக்கொண்டே சொல்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது, ஆம்புலன்ஸ் வந்தது. தெருவில் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். பால் பாக்கெட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஓடினான் பால்காரன். அவுக பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. அவளுக்கும் வந்தது, யார் கவனித்தார்கள்? மூன்று நாள் காய்ச்சல், கசாயம் குடித்தாள், போய்விட்டது. "அம்மாவுக்கு லேசாத்தான்" என்று மகள் ஷீபா கோயம்புத்தூரிலிருந்து எல்லோருக்கும் போனில் சொன்னாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் தனியாக, அடுப்படித் தரையில் முழங்கால் போட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவுகளை விட்டிரும் ஆண்டவரே. பதிலுக்கு என்னை எடுத்துக்கிடும். வாய்விட்டுச் சொன்னாள். பொருத்தனை. மறுநாள் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள், வாசம் இல்லை. தைலக் குப்பியைத் திறந்தாள், இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ஐயாவுக்கு மூச்சு பரவாயில்லை என்று. அவளுக்குப் புல்லரித்துப்போனது. கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று. எடுத்துக்கொள்கிறது என்றால் ஒரேயடியாக எடுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தாள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் வாசத்தை, அப்புறம் மூச்சை, அப்புறம் தூக்கத்தை, அப்புறம் வாயில் வந்துகொண்டிருக்கிற வார்த்தையை என்று ஒவ்வொன்றாக எடுப்பார் என்று நினைக்கவில்லை. போன வாரம் கரண்டிக்குப் பெயர் மறந்துபோனது. "அத எடுட்டி, அத, அள்ளுறது" என்று கையை ஆட்டினாள். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்கிற ஜெபம் பாதியில் அறுந்து, அடுத்த வரி வராமல் கண் மூடியபடியே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் அவள் ஆவியில் நிறைந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். அவுக என்னவென்றால் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். காலையில் குளத்தங்கரை வரை நடக்கிறார்கள். "ஏ கனி, எனக்கு வந்த சீக்குக்கு நான் நிமிந்து நிக்கேன். ஒனக்கு ஒண்ணுமே இல்லாம வந்திச்சு, நீ என்ன இப்பிடிக் கூனிப்போயிட்ட?" என்று கேட்கிறார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். சொன்னால் பொருத்தனை உடைந்துபோகும். கொடுத்ததைக் குறை சொல்லித் திரும்பக் கேட்கிறது மாதிரி ஆகிவிடும். திரும்பக் கொடுத்துவிட்டால்? கொடுத்துவிட்டு அவுகளை எடுத்துக்கொண்டால்?

பதினேழா, பதினெட்டா? உரித்ததை எண்ணிக்கொண்டே வந்தவள் விட்டுவிட்டாள். விரல் நுனியில் ஓட்டுச் சில்லு குத்தியிருந்தது. ஷீபா ஒரு நாள் போனில் கண்டுபிடித்துவிட்டாள். "என்னம்மா இப்படி மூச்சு வாங்குது?" "மாடிப்படி ஏறுனேன்." "நம்ம வீட்ல ஏதும்மா மாடி?" அப்புறம் பொய்க்கு மேல் பொய். சென்னையில் மகன் கிங்ஸ்லிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், கூட்டிக்கொண்டுபோய் ஏழாவது மாடியில் உட்கார்த்தி வைத்துவிடுவான். ஊரில் தெரிந்தாலோ இன்னும் மோசம். அன்றைக்குத் தகரம் அடித்த கைகள்தானே? கொரோனாக்காரி இன்னும் குணமாகவில்லை, அவள்தான் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிறாள் என்பார்கள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பங்குனியில் பள்ளிக்கூடத்துக்கு மருத்துவ முகாம் வந்தபோது நர்சிடம் ஒதுங்கிப் போய்க் கேட்டாள். "சிஸ்டர், எங்க தெருவுல ஒரு அக்கா இருக்கா. கொரோனா வந்து வருசம் ஆவுது. எத மோந்தாலும் அழுகுன வாடை வருதுங்கா." நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள். "அந்த அக்காவுக்கு வயசென்ன?" "அம்பத்தெட்டு இருக்கும்." "சுகரு?" "இந்தா அந்தான்னு இருக்காம்." "ஆஸ்பத்திரியில சேந்தாங்களா?" "இல்ல, லேசாத்தான் வந்திச்சு." "லேசா வந்தவங்களுக்கும் இருக்கும்மா. பொம்பளைங்களுக்குக் கூடுதலா இருக்குங்காங்க. அம்பது தாண்டுனவங்க, சுகர் உள்ளவங்க, தடுப்பூசி போடுததுக்கு முன்னாலயே வந்து போனவங்க, இவங்களுக்கெல்லாம் பாத்துக்கிடணும். மறதி இருக்கா? மூச்சு வாங்குதா? தூக்கம்?" ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்த செல்லக்கனி, சட்டென்று நிறுத்தி, "கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். நர்ஸ் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். "அந்த அக்காவ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இது மனப்பிராந்தி இல்லன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் அடுப்படியில ஒத்தையில நிக்க வேண்டாம்னும் சொல்லுங்க." ஏன் என்று கேட்பதற்குள் அடுத்த பிள்ளையை இழுத்து நாக்கை நீட்டச் சொல்லிவிட்டாள். அடுப்படியில் ஒற்றையில் நிற்காமல் எப்படி? அடுப்படியில் நிற்கிறதுதானே பிழைப்பே? நர்சுக்கு என்ன தெரியும், அவள் சின்னப் பெண்.

ஒன்றுமில்லாமல் இருந்த மூக்கில் வாசம் திரும்பி வந்ததே அந்தப் பங்குனியில்தான். முதல் நாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். வாசல் தெளிக்கும்போது ஏதோ ஒன்று வந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்லி நிமிர்ந்தவள், இது என்ன, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறதே என்று வீடு முழுக்கத் தேடினாள். பீரோவுக்குப் பின்னால், தண்ணித் தொட்டிக்கு அடியில். மூன்று நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, எலி எங்கேயும் இல்லை, தட்டில் போட்ட சோற்றில்தான் இருக்கிறது என்று. அன்றிலிருந்து சாப்பாடு இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு வாய் கஞ்சி, இரண்டு வாழைப்பழம். ரவிக்கை தொளதொளத்துப்போனது. அதைப் பார்த்துச் சபையில் பெண்கள் தாங்களாகவே ஒன்றை முடிவு கட்டினார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் இலையை மூடினபோது ஆரம்பித்தது. "கனியக்கா உபவாசம் போலுக்கு. வெளிய சொல்ல மாட்டா, அவ சுபாவம் அப்பிடி." இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் என்னவென்று சொல்வது? பேசாமல் இருந்தாள். அந்த ஒரு நிமிஷம் பேசாமல் இருந்ததுதான் தப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா பிரசங்கத்தில், நம்முடைய சபையிலே ஒரு சகோதரி யாருக்கும் தெரியாமல் தன்னை ஒடுக்கி ஜெபிக்கிறாள் என்று சொல்ல, அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கும், பாருங்கள் எவ்வளவு தாழ்மை என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பையனுக்கு துபாய் விசா, மகளுக்கு வரன், மாட்டுக்குக் கன்று. "நீங்க உபவாசத்துல இருக்கும்போது எங்களையும் நெனச்சுக்கிடுங்கக்கா." நிஜமாகவே நினைத்துக்கொண்டாள், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்தாள், பொய்க்கு வட்டி கட்டுகிற மாதிரி. விசா வந்துவிட்டது. அவர்கள் பெட்டியோடு இனிப்பு கொண்டுவந்து வாயில் ஊட்டப் பார்த்தார்கள். நாற்றம். கொல்லைக்கு ஓடினாள். "உபவாசத்தக் கெடுத்துட்டோமே" என்று அவர்கள் கையைப் பிசைந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆண்டவர் பேரைச் சொல்லிச் சோறு தின்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ஆண்டவர் பேரைச் சொல்லித் தின்னாமல் இருந்து பெயர் வாங்குகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

முட்டை குறைந்துகொண்டே வந்தது. நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் இருந்த ஒன்று சரியாக உரியவில்லை, வெள்ளையும் ஓட்டோடு பிய்ந்து வந்தது. அடிப்பக்கம் லேசாக ஒரு நிறம். பழுப்பா, நிழலா? வெளிச்சத்தில் பிடித்தாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் வெளிச்சமும் சரியில்லை. பிட்டுப் பார்த்தாள். மஞ்சளைச் சுற்றிக் கொஞ்சம் கறுத்த மாதிரி. கூடுதலாக வெந்தாலும் அப்படித்தான் ஆகும். கெட்டாலும் ஆகுமா? இத்தனை வருஷத்தில் கண்ணால் பார்த்தா கெட்ட முட்டையைத் தள்ளினாள், மூக்குதானே முதலில் சொல்லும்? நாலு வீடு தள்ளிக் கருவாடு சுட்டால் சொல்லிவிடுகிற மூக்கு. இன்றைக்குக் காலையிலிருந்து நாற்றம் ரொம்பவும் கூடுதலாக இருந்தது. இந்தக் கொஞ்ச நேரத்தில், இங்கே வந்து உட்கார்ந்த பிறகு, அழுகின முட்டை வாடையாகவே அது வந்துகொண்டிருந்தது. குப்பைக் கிடங்கு மாதிரி, கனமாக, தொண்டையில் இறங்கி உட்கார்ந்துகொள்கிற நாற்றம். பயந்தால் கூடும் என்று அவளுக்கு அனுபவம் உண்டு. இன்றைக்குப் பயம் அதிகம், அதனால் நாற்றமும் அதிகம். தலையைச் சுற்றியது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பேசின். தண்ணி. கூழாங்கல் மாதிரி முட்டைகள். அந்தத் தண்ணியில் ஜன்னல் தெரிந்ததே, திறந்த ஜன்னலின் நீலம்? அப்படியானால் நேற்று. நேற்றுத்தானே கொஞ்ச நேரம் காற்று அடங்கி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம்? இல்லை, இன்றைக்குக் காலையிலும் வந்தவுடனே திறந்திருந்ததே, பிறகுதானே சாத்தினோம்? ஆண்டவரே, ஒரே ஒரு காட்சியை எனக்குச் சரியாகக் காட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் என்ன? நினைப்பு அதுபாட்டுக்கு வந்தது. வராந்தாவில் முதல் வரிசையில் உட்காருகிற மூன்றாம் வகுப்பு ராகினி, வாயாடி, எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். "யாத்தே, நாறுது" என்று சொல்லிவிடுவாள். சொல்லாவிட்டால்? பசியில் மோந்து பார்க்கிறேன் என்று ஒரு கடி கடித்துவிட்டால்? விஷமா என்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளையை முதலில் தின்னவிடுவதா? அந்த நினைப்பு வந்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள், முட்டைக் கையோடு. சத்துணவு அமைப்பாளர் மேடமும் ஹெட்மாஸ்டரும் யூனியன் ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். இருக்கிறது கோமதி டீச்சர் மட்டும்தான். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு ஆசிரியரும் சமைக்கிறவளும் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கோமதி டீச்சர் சைவக்காரர், முட்டையைத் தொட மாட்டார். சாதத்தை மட்டும் ஒரு வாய் பார்ப்பார். "முட்டைக்கு நீங்கதான் ஜவாப்பு கனியக்கா" என்று சிரித்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட, அதற்குக் கீழே இவள் போடுவாள். நாலு மாசமாக மாடத்தியின் மூக்கை நம்பிப் போட்ட கையெழுத்து. இன்றைக்கு யாரை நம்பிப் போட? ஆனால் போட்டுவிடலாம். மசாலா இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் மிளகுத்தூளும் போட்டு முட்டையைப் பிரட்டிவிட்டால் எந்த வாடையும் அமுங்கிப்போகும், மாடத்திக்கே தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. ராத்திரிதான் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும்.

எண்பத்தாறும் ஆயிற்று. முட்டியைப் பிடித்து, சுவரைப் பிடித்து எழுந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. நறுக்கி வைத்த வெங்காயம் தயாராக இருந்தது. சின்ன அடுப்பில் இரும்புச் சட்டி, அதில் எண்ணெய் ஊற்றியாயிற்று. சுவர் மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. இதைக் கிழித்துப் பற்ற வைத்தால் மசாலா கொதிக்கும், அதற்கப்புறம் கேட்டு ஒன்றும் ஆகாது. கேட்பதாக இருந்தால் இப்போதுதான். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அவுக. காலையில் குளத்தங்கரைக்குக் கிளம்பும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வரும்போது கீரை வாங்கிட்டு வரவா?" என்று கேட்ட முகம் முன்னால் வந்து நின்றது. பதினெட்டு நாள் குழாயோடு கிடந்த முகமும் கூடவே வந்தது. அவள் குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாவது ஆரம்பித்தது. அத்தனை குரல். ஒவ்வொரு குரலும் எந்தப் பிள்ளையுடையது என்று அவளுக்குத் தெரியும், அதுவொன்று மட்டும் இன்னும் மறக்கவில்லை. ஆண்டவரே, நான் பேசின பேச்சில் எங்க ரெண்டு பேருதானே உண்டு? அவுக, நான். இந்தப் பிள்ளைகளை நான் எழுதிக்கொடுக்கலையே. இவங்களை எடுத்துக்கிடும்னு நான் ஒருநாளும் கேக்கலையே. குச்சி பெட்டியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. எடுக்கிறதானால் எடுத்துக்கிடும், அதுக்கும் நான் குனிஞ்சு நிக்கேன். இவங்களுக்கு நான் தெரியாம ஒண்ணு போட மாட்டேன். அவள் திரும்பினாள். மணல் வாளியைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தாள். காற்று முகத்தில் அறைந்தது.

வராந்தாவுக்கு இருபது தப்படிதான். அதற்குள் மூன்று தடவை நின்றாள். கோமதி டீச்சர் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார். "என்னக்கா, ரெடியா? இன்னும் பத்து நிமிசம் இருக்கே."

"டீச்சர், செத்த நேரம் வந்து முட்டையை மோந்து பாக்கணும்."

"நானா?" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கனியக்கா, நான் அந்தப் பக்கம் போனாலே மூக்கப் பொத்திட்டுப் போறவ. இன்னைக்கு மாடத்தி இல்லன்னு என்னைய வாந்தி எடுக்க வைக்கப் பாக்கியளா?"

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிடுதேன். முட்டை வாடை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. மூச்சை இழுத்து மிச்சத்தையும் சொன்னாள். "கொரோனா வந்ததுலேருந்து எனக்கு எதுவும் சரியா வாடை தெரியாது டீச்சர். எல்லாம் அழுகுன வாடையாத்தான் வரும். முட்டையத் தண்ணியில போட்டுப் பாத்தனா இல்லையான்னும் ஞாபகம் இல்ல. உபவாசமும் இல்ல. ஒண்ணும் இல்ல."

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்து, "எட்டாம் வாய்ப்பாட்டத் திருப்பிச் சொல்லுங்க, சத்தம் கேக்கணும்" என்றுவிட்டு முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். செல்லக்கனி பின்னால் போனாள். தீர்ப்புக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. கூடத்து வாசலில் கால் வைத்த டீச்சர் முந்தானையை எடுத்து ஒரு மூச்சு இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

"கெட்டுப்போச்சா டீச்சர்?"

டீச்சர் மெதுவாகத் திரும்பி அவள் கையைப் பார்த்தார். கிணற்றுச் சுவரில் நிற்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "தீப்பெட்டியக் குடுங்கக்கா."

"என்ன டீச்சர்?"

"குடுங்க. அப்பிடியே பின்னால போங்க. எதையும் தொடாதீய. லைட்டுச் சுவிச்சத் தொட்டிராதீய." பெட்டியைப் பிடுங்கி மைதானத்தில் தூர எறிந்தார். முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே ஓடினார். சிலிண்டரைத் திருகுகிற சத்தம் கேட்டது, ஜன்னல் கொண்டி ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது, கதவுகள் சுவரில் மோதின. காற்று உள்ளே புகுந்து, மறு பக்கமாக வெளியே வந்தது. செல்லக்கனியின் காதுக்குள் கூடுதலாக இருந்த இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் வெளியே ஓடிவந்து, வகுப்பு வாசலில் நின்று கத்தினார். எண்பத்தாறு பிள்ளைகளும் சத்தம் போட்டுக்கொண்டு மைதானத்தின் கோடிக்கு, வேலியோரம் ஓடினார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே விளையாட்டு என்று ராகினி குதித்தாள்.

பிறகு கோமதி டீச்சர் வந்து வராந்தாப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பெரிய அடுப்பு அணஞ்சு, திறந்தபடியே கெடக்குக்கா. ரூம் பூரா கேஸ். நீங்க ஒரு குச்சி கிழிச்சிருந்தா..." முடிக்காமல் மைதானத்தைப் பார்த்தார். "முட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கும் போலுக்கு. அண்டாவுக்குப் பின்னால பேசின்ல தண்ணி அப்பிடியே இருக்கு. ஏங்க்கா, உள்ள கால் வைக்க முடியல, கொடலப் பெரட்டுது. அங்கயே உக்காந்து இருந்தீங்களே. உங்களுக்கு வாடையே வரலையா?"

செல்லக்கனி குனிந்து பார்த்தாள். பெட்டிதான் போயிருந்தது, குச்சி இன்னும் அவள் விரலிடுக்கில் இருந்தது.

"வந்திச்சு டீச்சர்" என்றாள். "காலையிலேருந்து வந்துக்கிட்டுத்தான் இருந்திச்சு. நாலு மாசமா வந்துக்கிட்டுத்தானே இருக்கு."